நேரத்தோடு கேட்பது

லண்டனில் வீட்டுக்கடனுக்கு யாரைப் பிடிப்பது, பிள்ளைக்கு எந்த ரியூஷன் நல்லது என்று கேளுங்கள். நம்மவர்களில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். சாகக் கிடக்கிறவரை யாரிடம் காட்டுவது என்று கேட்டால் ஒருவர் தேத்தண்ணி போட எழும்பிப் போவார், மற்றவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்.

பதில் ஒன்றும் சிக்கலானதல்ல. ஜிபியிடமோ கான்சர் நேர்ஸிடமோ வாய் திறந்தால் அவர்களே அந்தப் பகுதி ஹொஸ்பிஸுக்கு, அதாவது குணமாகாத நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்புக்கு, எழுதுவார்கள். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. அரசு தருவது செலவில் ஒரு பங்குதான். மீதி ஊர்ச்சனம் கொடுப்பது, கடைத்தெருவில் பழைய உடுப்பு விற்றுச் சேர்ப்பது. அந்தக் கடைகளில் மலிவுக்குக் கோட்டு வாங்கிய நம்மில் எத்தனை பேர் பெயர்ப்பலகையை முழுதாக வாசித்தோம்?

ஹொஸ்பிஸ் என்றால் கொண்டுபோய்ப் போட்டுவிடும் இடம் என்ற பயம்தான் பெரிது. உண்மையில் அவர்களிடம் பராமரிப்புப் பெறுகிறவர்களில் பெரும்பாலானோர் இருப்பது சொந்த வீட்டில். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாமி அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே மோர்பீன், பதற்றத்துக்கு மிடசோலம், வாந்திக்கு ஒன்று, தொண்டைக் கரகரப்புக்கு ஒன்று, கூடவே டொக்டர் கையெழுத்திட்ட தாள். நடுச்சாமத்தில் நோ கூடினால் மருந்துக்கடை தேடி அலையத் தேவையில்லை. வருகிற நேர்ஸ் அந்தத் தாளைப் பார்த்து அங்கேயே ஊசி போடுவார். மோர்பீன் என்றாலே கதை முடிந்தது என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு. நோ திரும்ப வருமுன்பே, மணிக்கணக்குப் பார்த்து, அளவாகக் கொடுத்தால் ஆள் தெளிவாக இருந்து கதைக்கலாம் என்பதை இன்றைய ஹொஸ்பிஸ் முறையைத் தொடக்கிய டொக்டர் சிசிலி சாண்டர்ஸ் 1958க்குப் பிறகு ஹக்னியின் சென் ஜோசப் ஹொஸ்பிஸில் செய்தே காட்டினார்.

அவரை இந்த வழிக்குத் திருப்பியவரும் நம்மைப் போல வந்து சேர்ந்த ஒருவர்தான். டேவிட் டாஸ்மா, வார்சாவிலிருந்து வந்த யூத அகதி. 1948இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நாற்பது வயதில் புற்றுநோயால் இறந்தார். பக்கத்தில் சொந்தம் யாருமில்லை. அப்போது சமூகப் பணியாளராக இருந்த சாண்டர்ஸும் அவரும் கதைத்ததெல்லாம் சாகிறவருக்கு என்ன வேண்டும் என்பதைத்தான். தன் 500 பவுணை, இனிமேல் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலுக்கென்று விட்டுப்போனார். அந்த இல்லம்தான் 1967இல் சாண்டர்ஸ் சிடனமில் திறந்த சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ். சொந்தம் இல்லாதபடியால்தான் டாஸ்மாவோடு நேரே பேச முடிந்ததோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நமக்குச் சொந்தம் கூட. டொக்டர் ஐந்து நிமிடம் விளக்குவார். மகள் திரும்பி, "மருந்து மாத்தப் போயினமாம் அப்பா" என்பாள். ஆஸ்பத்திரி இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தரும். வேண்டாம், நானே சொல்லுறன் என்று தடுப்பதும் அவள்தான். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, உடைஞ்சுபோவார்." பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போய்ச் சாகவா, இங்கேயே இருக்கவா என்பதை ஒருவர் தீர்மானிக்க, விமானத்தில் இருக்கக்கூடிய தென்பு உடம்பில் மிஞ்சியிருக்கவேண்டும். சொல்லாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு கிழமையும் அந்தத் தெரிவைத்தான் தின்கிறது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்கலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கேட்காமல் விடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்தப் பெட்டி இருந்த வீட்டில், ஹொஸ்பிஸ் டொக்டர் விடாப்பிடியாக மொழிபெயர்ப்பாளரை ஃபோனில் பிடித்தார். ஸ்பீக்கரில் தமிழ்க் குரல் கேட்டதும் ஐயா முதலில், "தம்பி, நீர் எவடம்?" என்று விசாரித்தார். பிறகு இரண்டு கேள்வி. ஊருக்குப் போகலாமோ? இனியும் கூட நோகுமோ? முதலாவதற்கு, கோடையில் என்றால் பயணத்துக்கு எழுதித் தந்திருக்கலாம், இப்போது ஏலாது என்றார் டொக்டர். இரண்டாவதற்கு, நோவை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். ஐயா மகள் பக்கம் திரும்பி, "இதை ஏன் பிள்ளை கோடைக்கே கேட்டுச் சொல்லேல்லை?" என்றார்.