கரண்ட் போனால் போகட்டும்!

மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரில், சென்னை பெருங்களத்தூர் பக்கம் நடுரோட்டை ஒரு முதலை சாவகாசமாகக் கடந்துபோன வீடியோவை ஊரே பார்த்தது. கரண்ட் இல்லாத இருட்டு அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தம்பி, உன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் சுருண்டிருக்கும் பால் பைத்தான் (ball python) பாம்புக்கும், இன்குபேட்டரில் இருக்கும் அதன் முட்டைகளுக்கும் நீதான் சூரியன். புயல் வரும் நாளில் அந்தச் சூரியன் ஈ.பி. ஆபீஸுக்கு ஃபோன் போட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்காரலாமா?

மலைப்பாம்பைப் பார். 1830-களில் லாமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர், வங்காளத்தில் தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்துச் சூடேற்றுகிறது என்று பாரிஸ் அறிஞர்களிடம் சொன்னார். குளிர் ரத்தப் பிராணியாவது, சூடேற்றுவதாவது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1841-ல் பாரிஸிலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாத்தது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் சுற்றியிருந்த காற்றைவிட அதன் உடம்பு நன்றாகவே சூடாக இருந்தது! தசையைத் துடிக்கவிட்டுத் துடிக்கவிட்டு, மாதக்கணக்கில் இரை எடுக்காமல், தன் உடம்பையே அடுப்பாக்கிக்கொண்ட தாய் அது. பிளக் பாயின்ட் கேட்கவில்லை. கை கால் இல்லாததே அவ்வளவு செய்யும்போது, உனக்கு என்ன குறை?

பதறாதே. பதற்றம்தான் முட்டையைக் கொல்லும். சில மணி நேரம் சூடு கொஞ்சம் இறங்கினால் கருவின் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான், பெரும்பாலும் தேறிவிடும். பயத்தில் கொதிநீர் பாட்டிலை ஒட்டிவைத்து 36, 37 டிகிரிக்கு ஏற்றினாயோ, போச்சு. வடநெம்மேலி முதலைப் பண்ணையை 1976-ல் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் சகாக்களும் நன்னீர் முதலை முட்டைகளை ஆராய்ந்து 1989-ல் வெளியிட்டதைக் கேள்: 31 டிகிரி வரை பிறந்ததெல்லாம் பெண், 32.5-ல் ஆண். ஒன்றரை டிகிரியில் ஒரு பிறவியே மாறுகிறது. அதனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது பேட்டரியில் ஓடும் வெப்பமானி.

மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி ஓரமாக வை. முட்டையைப் புரட்டாதே, கோழி முட்டை வேறு, இது வேறு. கரு மேலே ஒட்டியிருக்கும், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே தூக்கி வை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கு. கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்தால் பாம்போடு நீயும் போவாய். பெரிய பாம்பைத் துணிப்பையில் போட்டு அதே மாதிரிப் பெட்டியில் வைத்துவிட்டு, சூடு திரும்பும்வரை இரை போடாதே. குளிர்ந்த வயிற்றில் எலி செரிக்காது, அழுகும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். அதே மின்சாரத்தில் மூன்று சின்ன ஹீட் மேட் ஓடும். ஃபேனை நிறுத்து! நீ ஒரு இரவு வியர்த்தால் குடி முழுகிவிடாது. (மே மாதத்துத் தாம்பரத்தில் கதையே தலைகீழ். அப்போது கரண்ட் போனால் தொட்டியைக் குளிர்விக்கத்தான் அலைவாய்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மலைப்பாம்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமாக இருந்தாலும் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மடியில் கனம் இல்லாதவனுக்குத்தான் புயல் இரவில் கால்நடை மருத்துவரைத் தைரியமாகக் கூப்பிட வாய் வரும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி, முட்டை இல்லாத வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு நீயே மெயின் சுவிட்சை அணை. வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும். மணிக்கு எத்தனை டிகிரி இறங்குகிறது, எந்த நேரத்தில் பாட்டில் மாற்ற வேண்டியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுது. விடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தொட்டி மேலேயே ஒட்டு.