வளையத்துக்கு வெளியே நிற்பவர்

பட்டணத்தில் வாழ்கிறவர்களுக்கு ஓர் ஏக்கம் உண்டு. மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர், அதன் ஓரமாக ஓர் ஆறு, ஒருவரையொருவர் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் மனிதர்கள். அங்கே போய்விட்டால் அன்பும் நேர்மையும் தாமாகவே கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். கதைகளும் இந்த ஏக்கத்துக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கின்றன. ஆனால், ஊர் சிறியது என்பதனாலேயே அங்கே அறமும் குடியிருக்குமா?

சுவிட்சர்லாந்தில் கிளாருஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. லிந்த் ஆற்றின் பள்ளத்தாக்கில், செங்குத்தான மலைகளுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. ஆண்டுதோறும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அந்த மாநிலத்துக் குடிமக்கள் அங்குள்ள ஒரு திறந்தவெளியில் வளையமாகக் கூடுகிறார்கள். வரி எவ்வளவு, சட்டம் எது என்பதையெல்லாம் அங்கேயே கையைத் தூக்கி முடிவு செய்கிறார்கள். வாக்குப் பெட்டி கிடையாது. தலைவர் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தே பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று சொல்கிறார். எழுந்து பேசுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டிலிருந்து வருகிற வழக்கம் இது.

இந்த வளையம் செய்த நன்மைகள் பல. அந்தப் பள்ளத்தாக்கில் துணிகளுக்கு அச்சுச் சாயம் போடும் ஆலைகள் பெருகியிருந்த காலத்தில், 1864ஆம் ஆண்டு, ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் செய்தார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கத் தொழிலாளி கை தூக்க வேண்டும். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். 'அப்படிப் பலர் முன்னே கை தூக்கச் சொல்வதே ஒரு மிரட்டல் அல்லவா?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 2006ஆம் ஆண்டில் இருபத்தைந்து ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு சொன்னது. சாதாரணக் குடிமகன் ஒருவர் எழுந்து, மூன்று போதும் என்றார். கூட்டம் அவர் பக்கம் கை தூக்கியது!

இவ்வளவு பெருமையுள்ள அதே ஊரில்தான் அன்னா கோல்டி என்ற பணிப்பெண்ணின் தலை வெட்டப்பட்டது. அவள் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவள். மருத்துவரும் நீதிபதியுமான ஒரு பெரிய மனிதர் வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுக் குழந்தையின் பாலில் குண்டூசிகள் கிடந்தன என்றார்கள்; பிறகு குழந்தை ஊசிகளாக வாந்தி எடுத்தது என்றார்கள். சூனியக்காரி என்ற பேச்சு எழுந்தது. சித்திரவதை செய்து, ஒப்புக்கொள்ள வைத்து, 1782ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாளால் வெட்டினார்கள். தீர்ப்பில் சூனியம் என்று எழுதக் கூசி, நஞ்சிட்டவள் என்று எழுதிவைத்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் 'ஃபோன்' என்ற வறண்ட மலைக்காற்று வீசும். 1861ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில் எங்கோ பற்றிய நெருப்பை அந்தக் காற்று வாரி இறைத்து, ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அந்தக் காற்று அடிக்கும்போது விழித்திருந்து நெருப்பைக் காவல் காப்பது மலைநாட்டின் பழைய வழக்கம். ஆனால் வதந்திக்கு யார் காவல் இருப்பது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்னாவை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. எந்த வீட்டில் வேலை, எந்த ஊர்க்காரி, முன்பு என்ன நடந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சிற்றூரில் எதுதான் மறையும்? தெரிந்திருந்தும் பயனில்லை. ஒருவரைத் தெரிந்துகொள்வது வேறு. அவருக்காக வாய் திறப்பது வேறு. பெரிய மனிதர் உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர். பணிப்பெண்ணோ இன்று இருப்பாள், நாளை போய்விடுவாள். சிற்றூரின் நெருக்கம் உள்ளே இருப்பவனுக்குப் போர்வை. வெளியே நிற்பவனுக்கு அதுவே சுவர்.

ஆனாலும் அந்தச் சுவர் அசையாமலே நின்றுவிடவில்லை. 1971இல்தான் பெண்களுக்கு அந்த மாநிலத்தில் வாக்குரிமை வந்தது. எவ்வளவு தாமதம்! 2007இல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை கொடுத்தார்கள். 2008ஆம் ஆண்டு மாநில சட்டமன்றம் அன்னா குற்றமற்றவள் என்று அறிவித்தது. இருநூற்று இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த நியாயத்தால் செத்தவளுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அவளுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால், 'எங்கள் ஊர் தவறு செய்தது' என்று பலர் முன்னே சொல்லப் பழகிய ஊரில், அடுத்த முறை ஒரு பணிப்பெண்ணைச் சுற்றி வதந்தி எழும்போது, யாராவது ஒருவர் எழுந்து நிற்கக் கூடும்.

ஓர் ஊரை அறிந்துகொள்ள அதன் மலையையும் ஆற்றையும் பார்த்தால் போதாது. திருவிழாவையும் விருந்தையும் பார்த்தாலும் போதாது. தனக்கென்று பேச ஆளில்லாத ஒருவரை அந்த ஊர் எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்வி கிளாருஸுக்கு மட்டும் உரியதல்ல. நாம் குடியிருக்கும் தெருவுக்கும் உரியது.