சொல்லாமல் ஒப்படைத்த பொருள்

பிறருடைய பொருளைக் கூலிக்குச் சுமந்து செல்பவன் அதனை இழந்துவிட்டால், அதன் முழு மதிப்பையும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன்தானா? ஆம் என்றே நம் உள்ளம் உடனே விடை கூறும். ஆனால், அப்பொருள் இன்னதென்றும் இவ்வளவு பெறுமென்றும் அவனிடம் சொல்லப்படவேயில்லை என்றால்?

1769-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பர்மிங்காமிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் குதிரை வண்டியில் ஒருவர் பழைய ஆணி மூட்டையொன்றை அனுப்பினார். மூட்டைக்குள் உலர்ந்த புல். புல்லுக்குள் நூறு பவுன் பணம். மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. புல்லும் வந்து சேர்ந்தது. பணம் மட்டும் வரவில்லை! பணமும் நகையும் இருப்பதைச் சொல்லி, அதற்குரிய கூலியையும் தந்தாலன்றித் தாம் பொறுப்பல்ல என்று வண்டிக்காரர் முன்னரே பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். அனுப்பியவரும் இந்த வழக்கத்தை அறிந்தவரே. நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு வண்டிக்காரர் பக்கமே நின்றார். வாங்கும் கூலியின் அளவுக்கே பொறுப்பின் அளவும் அமையும் என்பது அவர் கருத்து.

இது தரைவழி வழக்கு. எனினும் கடல்வழிச் சட்டமும் இதே திசையில்தான் சென்றது. 1786-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், பொன், வெள்ளி, கைக்கடிகாரம், இரத்தினம் ஆகியவற்றின் தன்மையையும் மதிப்பையும் எழுத்தில் தெரிவிக்காதவருக்குக் கொள்ளையால் நேரும் இழப்பில் கப்பலுடையவர் பொறுப்பல்ல என்றது. 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விதி நீடிக்கிறது.

பிற நாடுகளின் வணிகத்தை ஆள்வது 1924-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகள். பில் ஆஃப் லேடிங் எனப்படும் சரக்குச் சீட்டில் மதிப்பு குறிக்கப்படாவிட்டால், ஒரு சிப்பத்துக்கு நூறு பவுனுக்கு மேல் கப்பற்காரர் தரவேண்டியதில்லை. 1968-லும் 1979-லும் இவை திருத்தப்பட்டன. திருத்தத்தை ஏற்ற நாடுகளில் சர்வதேச நிதியத்தின் கணக்கலகில் சிப்பத்துக்கு 666.67, அல்லது கிலோவுக்கு 2, இவற்றுள் எது அதிகமோ அது. பத்துக் கிலோ பொன் கொண்ட பெட்டி காணாமற் போனாலும் கிடைப்பது 666.67 அலகுதான், இன்றைய விலையில் இரண்டு பவுன் நகைக்கும் அது போதாது. அமெரிக்காவிலோ 1936-இல் விதித்த ஐந்நூறு டாலர் இன்னும் மாறவில்லை. மதிப்பைத் தெரிந்தே பொய்யாகக் குறித்தவருக்கோ ஒரு காசும் இல்லை.

மதிப்பைச் சொல்லிவிட்டால் என்ன? கப்பற்கூலி உயரும். கடற்கரையூர்களில் கேள்வு என்று அழைப்பார்களே, அதுதான். ஆகவே பெரும் வணிகர் சொல்வதில்லை. காப்புறுதி எடுத்துக்கொண்டு வாளாவிருந்துவிடுகின்றனர். இதிற் கபடம் ஏதுமில்லை; கூட்டுக் கணக்கேயாகும். ஆனால் காப்புறுதியின் வாசனையே அறியாதவர் உளர். வீட்டுச் சாமான்களோடு தாயின் நகையையும் பெட்டியில் வைத்து அனுப்பும் எளியவர், கேள்வைச் சேமிக்கவா வாய் மூடினார்? இல்லை. ‘நகை’ என்று எழுதினால் அந்த எழுத்தே திருடனை அழைக்கும் என்று அஞ்சினார். அந்த அச்சம் பொய்யல்ல என்பதைச் சட்டம் எழுதியவர்களும் மறுக்கமுடியாது.

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இதே பாரத்தை வேறு தராசில் நிறுத்தனர். பலருக்கும் பொதுவாகக் கூலிக்கு உழைப்பவனை ‘அஜீர் முஷ்தரக்’ என்பர். அவன் கையிலுள்ள பொருள் அமானிதம். அவன் செயலாலன்றி அழிந்தால் அவன் பொறுப்பல்ல என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களுடைய மாணாக்கர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் உடன்படவில்லை. தவிர்க்கவியலாத பெருந்தீ, பகைவர் படை போன்றவை நீங்கலாக மற்றெல்லாவற்றுக்கும் அவன் ஈடுசெய்யவேண்டும் என்றனர். இல்லையேல் மக்களின் பொருளுக்குக் காவல் ஏது என்பது அவர்தம் கவலை. படகோட்டி இழுத்ததால் படகு மூழ்கினால் சரக்குக்கு அவனே பொறுப்பு என்பதில் மட்டும் இமாமவர்களும் ஒத்துப்போகிறார்கள். மூவரும் முதலிற் கேட்ட வினா, ‘இவன் கை என்ன செய்தது?’ என்பதே.

இந்த வினாவோடு நவீன விதிகளைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது. வேண்டுமென்றோ, இழப்பு நேரும் என்றறிந்தே அசட்டையாகவோ செய்த கப்பற்காரர் உச்சவரம்பின் பாதுகாப்பை இழப்பார் என்று 1968-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. நல்லது. ஆனால், அந்தச் சொல் கப்பற்காரரை மட்டுமே குறிக்கும், அவருடைய ஊழியரைக் குறிக்காது என்று 1989-இல் ஆங்கில நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. திருடிய ஊழியனுக்கு வரம்பு இல்லை. அவனை நம்பிப் பெட்டியை ஒப்படைக்கச் செய்த முதலாளிக்கு வரம்பு உண்டு! திருடியவனிடம் வசூலிக்க என்ன இருக்கும்?

பொருளுடையவர் வாய் மூடியது, தாம் செலுத்தாத கூலிக்குரிய காவலைக் கேட்கும் உரிமையைப் பறிக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். புயலிலும் கடற்கொள்ளையிலும் அந்த மௌனம் அவருக்கு எதிராக நிற்கட்டும். ஆனால் கப்பற்காரரின் சொந்த ஆட்களே பூட்டை உடைத்த இடத்தில், கூலி குறைவு என்ற வாதத்துக்கு என்ன இடம்? திருடாதிருப்பதற்குத் தனிக் கூலி ஏது?

இந்தியாவில் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய கடல்வழிச் சரக்குச் சட்டம் இயற்றப்பட்டது. மதிப்பை முன்னரே தெரிவித்துச் சீட்டில் பதியவேண்டும் என்ற விதி அதிலும் உண்டு. அந்தச் சீட்டின் பின்புறத்து நிபந்தனைகளையோ பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கவேண்டும். பெட்டியை எடுத்துக்கொள்ளும் குமாஸ்தா, ‘உள்ளே விலையுயர்ந்தது ஏதும் உண்டா? சொன்னால் கேள்வு இவ்வளவு, சொல்லாவிட்டால் ஈடு இவ்வளவுதான்’ என்று வாய்திறந்து ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தத் தாயின் நகைக்காரர் தாமே முடிவு செய்துகொள்வார்.