உம்மாவின் அறையில் ஒரு கண்



பெற்றோர் இருவரில் ஒருவரோ இருவருமோ முதுமை எய்தினால், அவர்களை நோக்கிச் 'சீ' என்ற சொல்லும் வரலாகாதென அல்லாஹுத் தஆலா திருமறையின் 17ஆம் அத்தியாயத்தில் விலக்குகின்றான். அவ்விடத்தில் 'உன்னிடத்தில்' என்றும் ஒரு சொல் சேர்க்கின்றான். முதுமையின் இடம் பிள்ளையின் பக்கம் என்பது அதன் குறிப்பு. ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பல வீடுகளில் பிள்ளை துபாயில் இருக்கின்றார். உம்மா தனியே இருக்கின்றார்கள். அழைத்தாலும் வரமாட்டார்கள். தம் வீடு, தம் அடுப்பு, பக்கத்துப் பள்ளியின் பாங்கு இவற்றை விட்டுவர மனமில்லை. அது குற்றமன்று.

இத்தூரத்தைக் குறைக்க வந்துள்ள கருவிகளை ஒதுக்குவோருடன் நான் உடன்படவில்லை. ஓய்வூதியர் தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றை 2014 முதல் 'ஜீவன் பிரமாண்' வழியே கணினி மூலம் அளிக்கலாம். விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு உதவியாக 2021இல் முகத்தைக் கொண்டே அடையாளம் காணும் முறையும் வந்தது. கீழே விழுந்தால் தானே உணர்ந்து பிள்ளைக்குச் செய்தி அனுப்பும் கைக்கடிகாரமும் உண்டு. எல்லாம் அல்லாஹ்வின் நிஃமத்துகளே.

எனக்குக் கவலை கேமராவைப் பற்றித்தான். உம்மாவின் கட்டிலுக்கு நேரே, அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல், பிள்ளை அதைப் பொருத்திவிடுகின்றார். ஆறேழு பேர் தங்கும் வளைகுடா அறையில் அந்தப் படம் ஓடுகின்றது. பார்ப்பவர் மகன் மட்டுந்தானா? அந்நிய ஆடவர் கண்ணும் அதில் படுமே! உம்மாவோ தம் சொந்த அறையில் முக்காட்டை இறக்க அஞ்சிக் கிடக்கின்றார்கள்.

தாயிடம் செல்லவும் அனுமதி கேட்கவேண்டுமா என்று ஒருவர் வினவியபோது, ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் கேட்கவேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகின்றது. அனுமதி என்ற சட்டமே பார்வையின் பொருட்டு ஏற்பட்டது என்பதும் புகாரியில் உள்ள ஹதீஸின் கருத்து. கால் நுழையாமல் கண் மட்டும் நுழைந்தாலும் சட்டம் அதுவே. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்கவேண்டுமென்கிறது 24ஆம் அத்தியாயம். வளர்ந்த மகன் வைத்த கேமராவுக்கு மட்டும் விலக்கு ஏது?

ஆகவே வாசலிலோ கூடத்திலோ வைப்பதாயினும் கேட்டே வையுங்கள். படுக்கையறைக்குப் படம் காட்டாத கைக்கடிகாரமோ, கழுத்தில் தொங்கும் அழைப்புப் பொத்தானோ போதும். அணைக்கும் சுவிட்சு உம்மாவின் கைக்கு எட்டட்டும். ஏன் அணைத்தீர்கள் என்று கேளாதீர்கள். தொலைபேசியில் ஸலாம் கூறி நலம் விசாரியுங்கள். பதில் வராவிடில் பக்கத்து வீட்டுப் பெண்மணியை அனுப்புங்கள். அவரும் கதவைத் தட்டி ஸலாம் சொல்லியே நுழையட்டும்.