தமர் உகந்த திருமேனியும் கைபேசிப் பதிவும்

மைசூருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் யதுகிரி மலைமீது அமைந்திருக்கிறது மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்று வைணவ நூல்கள் போற்றும் இத்தலத்தில் ஸ்ரீராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்பது மரபு. அவர் ஸ்ரீரங்கத்திற்குத் திரும்பப் புறப்பட்டபோது சீடர்கள் பிரிவாற்றாமல் கலங்கினர். அவர்களுடைய வேண்டுதலுக்கு இணங்கித் தமது திருவுருவம் ஒன்றைச் செய்விக்க அவர் இசைந்தார். அதனைத் தழுவி, தமது அருளாற்றலை அதில் வைத்து, அவர்களிடம் ஒப்படைத்தார். அடியார்கள் உகந்ததாதலின் அது 'தமர் உகந்த திருமேனி' எனப்பட்டது. இன்றும் அதனை அங்கே தரிசிக்கலாம்.

ஆசிரியர் இல்லாத பொழுதிலும் அவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் மாணவனுக்கு இயல்பானது. அன்று அது சிலையாகவும் ஓலைச்சுவடியாகவும் வடிவெடுத்தது. இன்று அது கைபேசியின் ஒலிப்பதிவாக வடிவெடுத்திருக்கிறது. வேதாந்த வகுப்பு, மொழி வகுப்பு, தொழிற்பயிற்சி, எழுத்தறிவு மையம் என்று முதியோர் கூடிக் கற்கும் எந்த இடத்திலும் இன்று எழும் கேள்வி இது: வகுப்பைப் பதிவு செய்யலாமா? யாருடைய அனுமதியுடன்? கைபேசியை வகுப்பறைக்குள் எந்த அளவுக்கு அனுமதிப்பது? இதை வெறும் ஒழுங்குமுறைப் பிரச்சினையாகக் கருதி அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி எழுதிவிட்டால் போதாது. சொல் யாருக்கு உரியது, கேட்பவனின் கடமை யாது என்ற அறவியல் வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

அனுமதியின்றி எழுதிய சீடர்

இவ்வினாவை நமது மரபு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்கு விரிவுரை நிகழ்த்தி வந்தார். வடக்குத் திருவீதிப் பிள்ளை என்ற சீடர் பகலில் கேட்டவற்றையெல்லாம் இரவில் ஓலையில் எழுதி வைத்தார். இதையறிந்த நம்பிள்ளை அவ்வோலைகளை வாங்கிப் பார்த்தார். தாம் சொன்னவை சிறிதும் பிசகாமல் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். எனினும் தம் அனுமதியின்றி எழுதியது தகாது என்று கூறி, ஏடுகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்னர் அவை ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளிக்கப்பட்டு, ஆசிரியர் மாணவர் வழியே தலைமுறைகளாகக் காக்கப்பட்டன. இறுதியில் மணவாள மாமுனிகள் ஸ்ரீரங்கத்தில் ஓராண்டுக் காலம் அதனை விரித்துரைத்தார். 'ஈடு முப்பத்தாறாயிரப்படி' என்று தமிழுலகம் போற்றும் உரை இதுவே.

இந்த வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நம்பிள்ளை எழுதுவதை வெறுத்தவர் அல்லர். பெரியவாச்சான் பிள்ளையை அவரே பணித்து, திருவாய்மொழிக்கு இருபத்துநாலாயிரப்படி உரையை எழுதச் செய்தார். ஆகவே அவர் கண்ட குறை பதிவில் இல்லை. கேளாமல் பதிந்ததில் இருந்தது. இரண்டாவது, பதிவு பிழையின்றி இருந்தது என்பதும், பின்னால் உலகத்திற்குப் பெரும்பயன் விளைந்தது என்பதும் அக்குறையை இல்லாமற் செய்துவிடவில்லை. பயன் நல்லதாயிற்று என்பதால் முறை நல்லதாகிவிடாது. அதேபோல், முறை தவறிற்று என்பதற்காகப் பயனையும் அழித்துவிட வேண்டியதில்லை. நம்பிள்ளை ஏடுகளை எரிக்கவில்லை. உரிய கையில் சேர்த்தார். கண்டிப்பும் கருணையும் கலந்த இத்தீர்ப்பு எக்காலத்து ஆசிரியருக்கும் வழிகாட்டக்கூடியது.

கோபுரத்து வாதம்

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். திருக்கோட்டியூர் நம்பியிடம் தாம் கற்ற மந்திரப் பொருளை, யாருக்கும் சொல்லலாகாது என்ற ஆணையை மீறி, ராமானுஜர் ஊரறிய உபதேசித்தார் அல்லவா? ஆசிரியரும் பிறகு அவரைத் தழுவி 'எம்பெருமானார்' என்று அழைத்தார் அல்லவா? அப்படியானால், நல்ல போதனையைப் பதிந்து நாலு பேருக்கு அனுப்புவதில் என்ன குற்றம்?

ராமானுஜர் மறைவாக எதையும் செய்யவில்லை. உயர்ந்த இடத்தில் நின்று, எல்லோரும் காண, தம் பெயரால் சொன்னார். அதனால் நரகம் நேருமாயின் அது தமக்கே ஆகுக என்று விளைவைத் தாமே ஏற்றார். மேசைக்கு அடியில் ஓசையின்றி இயங்கும் கைபேசிக்கு இந்த மூன்று தகுதிகளுள் ஒன்றுகூட இல்லை. பதிந்தவர் யாரென்று தெரியாது. பதிவு எங்கெங்கு செல்லும் என்பது அவருக்கே தெரியாது. விளைவைச் சுமப்பவரோ வேறொருவர். மேலும், ராமானுஜர் பகிர்ந்தது எல்லா உயிருக்கும் உரிய ஒரு போதனை. தனிமனிதர் ஒருவர் நம்பிக்கையுடன் சொன்ன அந்தரங்கத்தை அவர் வெளியிடவில்லை.

எனினும் அந்நிகழ்ச்சி ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம் சொல்கிறது. தமது தனித்தன்மை குறைந்துவிடும் என்ற அச்சத்தால் அறிவைப் பூட்டி வைப்பவர், விதியைக் காத்தாலும் அறத்தைக் காத்தவர் ஆகார்.

மூன்றாமவர் ஒருவர் உண்டு

பழைய வரலாறுகளில் ஆசிரியர், மாணவர் என்ற இருவரே முன்னிற்கின்றனர். இன்றைய முதியோர் வகுப்பில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார்: உடன் கற்பவர். குழந்தைகள் பாடத்திலிருந்து கேள்வி கேட்கின்றனர். பெரியவர்களோ பெரும்பாலும் வாழ்க்கையிலிருந்து கேட்கின்றனர். கீதை வகுப்பில் ஒருவர் பற்றின்மையைப் பற்றிக் கேட்கும்போது, அண்மையில் அவர் இழந்த மகன் அக்கேள்விக்குள் இருக்கலாம். எழுத்தறிவு மையத்தில் அறுபது வயது மூதாட்டி தன் பெயரைத் தடுமாறி வாசிக்கும்போது, அத்தடுமாற்றம் அந்த அறைக்கு மட்டுமே உரியது. அது பேரன் பேத்திகளின் கைபேசிகளில் வேடிக்கைக் காட்சியாகச் சுற்றினால் அவர் மறுநாள் வகுப்புக்கு வரமாட்டார். அறியாமையை வெட்கமின்றி வெளிப்படுத்தும் சுதந்திரமே கல்வியின் முதற்படி. அந்தச் சுதந்திரத்தைக் குலைக்கும் பதிவு, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கல்விக்கு எதிரானது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) விரிவுரை ஆற்றுபவரையும் 'நிகழ்த்துநர்' என்ற வரையறைக்குள் வைத்து உரிமை அளிக்கிறது. பதிவு செய்பவர் தமது சொந்த உபயோகத்திற்காகச் செய்யும் பதிவை அச்சட்டம் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் சட்டம் பொறுத்துக்கொள்வது வேறு, அறம் எதிர்பார்ப்பது வேறு. தண்டனை இல்லை என்பதால் கேட்க வேண்டிய அனுமதியைக் கேளாமல் விடலாம் என்றாகாது.

தடை செய்தால் தீருமா?

இத்தனை சிக்கல் எதற்கு, கைபேசியையே வாசலில் வாங்கி வைத்துவிடலாமே என்று சிலர் கருதுவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். பெரியவர்களின் நிலை வேறு. நோயுற்ற தாயை வீட்டில் விட்டு வந்தவரும், கைக்குழந்தையை அண்டை வீட்டில் ஒப்படைத்து வந்தவரும் அழைப்பு வருமோ என்ற கவலையுடன்தான் அமர்ந்திருப்பர். கருவியைப் பறித்தால் கவலை இரட்டிப்பாகுமே தவிரக் கவனம் கூடாது. கூலி வேலையினால் மூன்று நாள் வகுப்பைத் தவறவிட்டவருக்குப் பதிவு ஒரு வரம். பார்வை குன்றியவருக்கு அதுவே பாடநூல். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு எழுத்தறிவு புகட்டக் கைபேசிச் செயலியையும் ஒரு கருவியாகக் கொண்டிருக்கிறது.

பதிவு கற்பவரின் மனத்தை என்ன செய்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. எழுத்து நினைவாற்றலைக் கெடுக்கும் என்ற வாதத்தைப் பிளேட்டோ தமது 'ஃபீட்ரஸ்' உரையாடலில் எடுத்துரைக்கிறார். அதை அவர் எழுதியே வைத்தார் என்பதும் உண்மை. கருவி குற்றவாளியன்று. 'பிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்ற எண்ணமே மனத்தை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுகிறது. கேட்டல், சிந்தித்தல், தெளிந்து நிலைத்தல் என்று உபநிடதம் மூன்று படிகளைக் கூறுகிறது. பதிவு முதற்படிக்கு மட்டுமே துணை செய்யும். மற்ற இரண்டையும் மாணவனே ஏறியாக வேண்டும்.

இதற்குச் சான்று மேல்கோட்டையின் மைந்தர் ஒருவரின் வரலாற்றிலேயே இருக்கிறது. திருநாராயணபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் சென்று துறவியான நஞ்சீயர், தாம் எழுதிய ஒன்பதாயிரப்படி உரையைப் படியெடுக்க நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அதற்குமுன் ஒருமுறை அதன் பொருளை முழுவதும் அவருக்குச் சொன்னார். வரதராஜர் காவிரியைக் கடக்கையில் சுவடி வெள்ளத்தில் போயிற்று. கேட்ட நினைவைக் கொண்டே அவர் முழு உரையையும் எழுதினார். சில இடங்களில் சிறப்புப் பொருளும் சேர்த்தார். நஞ்சீயர் அதைக் கண்டு மகிழ்ந்து 'நம்பிள்ளை' என்று அழைத்தார். சுவடி போயிற்று, கேள்வி நின்றது. இந்த நம்பிள்ளையே பின்னாளில் அனுமதியின்றி எழுதிய சீடரைக் கண்டித்தவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நடைமுறையில்

முறையான பதிவாளருக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. சுவாமி விவேகானந்தரின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுக்க 1895 டிசம்பரில் நியூயார்க்கில் அமர்த்தப்பட்ட ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளர் ஜே. ஜே. குட்வின், எல்லோரும் அறிய அமர்ந்து எழுதினார். விரைவில் சீடராகி, ஊதியம் கருதாமல் உழைத்தார். 1898 ஜூனில் உதகமண்டலத்தில் மறைந்தார். அவர் பதிந்தவற்றைப் பின்வந்தோர் கூச்சமின்றிப் படிக்க முடிகிறதென்றால், அவற்றின் பின்னால் இசைவும் அர்ப்பணமும் இருப்பதே காரணம்.

ஆகவே, எந்த வகுப்பிலும் முதல் நாளே ஆசிரியரும் மாணவரும் கூடிப் பேசிச் சிலவற்றை முடிவு செய்துகொள்வது நலம். பதிவு வேண்டுவோர் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஆசிரியர் தக்க காரணமின்றி மறுக்கலாகாது; இயன்றால் தாமே பதிந்து வழங்கலாம். மாணவர்கள் தம் அனுபவத்தைப் பேசும் நேரத்தில் பதிவு நிற்க வேண்டும். ஒருவருக்குக் கற்பதற்காக அளித்த பதிவை அவர் வேறெவருக்கும் அனுப்பலாகாது. கைபேசி ஒலியடங்கி இருக்கட்டும். தவிர்க்க முடியாத அழைப்பு வந்தால் வெளியே சென்று பேசலாம். இவ்விதி ஆசிரியரின் கைபேசிக்கும் பொருந்தும்.

விதிகள் இவ்வளவே. இவற்றைக் காப்பது நம்பிக்கை. ராமானுஜரின் திருமேனி அவர் அறிய, அவர் இசைய, அவரே தழுவித் தந்தது. அதனால்தான் அது சீடர்களுக்கு அவராகவே விளங்கிற்று. இசைவுடன் பெற்ற பதிவிலும் ஆசிரியர் உடன் இருப்பார். திருடிய பதிவில் அவரது குரல் மட்டுமே இருக்கும்.