சுவரடிக் கல்

திண்டிவனத்தில் வீடு கட்டிவரும் அன்பர் ஒருவர், புதுமனை மந்திரிப்புக்கு நாள் குறிக்க வந்திருந்தார். பேச்சினிடையே, "சாமி, தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டாயிற்று. ஸ்கர்ட்டிங்கிற்கு அதையே அறுத்து ஒட்டுவதா, கறுப்பு கிரானைட் பதிப்பதா என்று எனக்கும் வீட்டாருக்கும் ஒரு வாரமாக வழக்கு. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆயினும், அவர் சென்றபின் அக்கேள்வி என்னை விடவில்லை.

சுவரும் தரையும் கூடுமிடத்தில் பதிக்கும் நான்கு அங்குலப் பட்டை அது. தரை கழுவும் நீரும் துடைப்பமும் சுவர்ப்பூச்சை அரிக்காமல் காக்கிறது. வெப்பத்தில் தளக்கற்கள் விரிவதற்கென ஓரத்தில் விடும் இடைவெளியை மறைக்கிறது. மறைப்பதெல்லாம் பொய்யாகுமா? ஆகாது. தேவை கருதி விட்ட இடைவெளியை மூடுவது ஒழுங்கு. ஓதம் ஏறிய சுவரைச் சீர்செய்யாமல் கல்லால் மூடுவதே வஞ்சனை. சில மாதங்களில் பட்டைக்கு மேலே உப்புப் பூத்து, உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால், ஈரத்தைவிட ஆழமாக மறைந்துகிடக்கும் ஒன்று உண்டு. அது உழைத்தவரின் கூலி. அடித்தளம் போடும்போது கை நிறையப் பணம் இருக்கிறது. உள்அலங்காரம் கடைசியில் வருகிறது. அப்போது பணமோ கரைந்துபோயிருக்கிறது, ஆசை மட்டும் வளர்ந்திருக்கிறது. எனவே கல்லின் தரம் உயர்கிறது. கல் பதிப்பவரின் கூலி பாக்கி நிற்கிறது.

யூதா நாட்டு மன்னன் யோயாக்கிமை இறைவாக்கினர் எரேமியா கடிந்துகொண்டதும் இதற்காகவே. கேதுருப் பலகை வேய்ந்து, செந்நிறம் பூசிய அவனது மாளிகை, கூலி பெறாத உழைப்பில் எழுந்தது. அவன் தந்தை யோசியாவும் உண்டு குடித்து வாழ்ந்தவரே; எனினும் எளியோருக்கு நீதி வழங்கினார் என்று இறைவாக்கினர் நினைவூட்டுகிறார் (எரேமியா 22). ஆகவே, அழகும் வசதியும் குற்றமல்ல. பிறர் கூலியில் வாங்கிய அழகே குற்றம். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும், கூலியை மறுப்பதை விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவமெனக் கண்டித்தது.

இதை எழுதும் எனக்கும் இதில் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் விழுப்புரத்தை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றியபோது, பங்கு இல்லத்தின் கூடத்தைப் புதுப்பித்தேன். மேஸ்திரி தடுத்தும் பளபளக்கும் கறுப்புக் கல்லே வேண்டுமென்றேன். கடைக்காரருக்கு உடனே பணம் கொடுத்தேன். கல் பதித்தவரிடம், "திருவிழாக் காணிக்கை வரட்டும்" என்றேன். அவர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, மகளின் பள்ளிக் கட்டணத்தைச் சொல்லித் தலைகுனிந்து நின்றார்; தாம் பதித்த கல்லருகிலேயே நின்றார். அன்று மாலையே கடன் வாங்கிக் கொடுத்தேன். பொழுது சாயுமுன் கூலி கொடுக்கவேண்டும் என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளையைக் குருமடத்தில் படித்தவன் நான். கொடுத்துவிட்டேன் என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. கேட்கவைத்தேனே என்பதே இன்றும் உறுத்துகிறது.

கிரானைட்டை உலர்வாக அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூள், அறுப்பவரின் நுரையீரலில் படிந்து, தீராத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. நீர் விட்டு அறுத்தால் தூள் பெரிதும் அடங்கும். நம் வீட்டு ஓரத்துக்காக ஒருவர் மூச்சை இழக்கலாகாது.

மறுவாரம் அன்பர் வந்தபோது என் தீர்ப்பைச் சொன்னேன்: "எந்தக் கல்லாயினும் உங்கள் விருப்பம். முதலில் கடைசி வாரக் கூலியைத் தனியே எடுத்துவையுங்கள். நீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற கல்லை வாங்குங்கள். மந்திரிப்பு நாளில் கல் பதித்தவரையும் குடும்பத்தோடு அழையுங்கள். பாக்கி கேட்டு வாசலில் நிற்காமல், விருந்தினராக அவர் உள்ளே வரட்டும்."