குடியிருப்போரும் குடிமக்களும்

தமிழில் 'குடி' என்னும் சொல் ஆழ்ந்த பொருளுடையது. அது குடும்பத்தைக் குறிக்கும். வழிவழி வந்த மரபைக் குறிக்கும். ஓர் ஆட்சியின் கீழ் வாழும் மக்களையும் குறிக்கும். ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதைக் குடியிருத்தல் என்கிறோம். குடிமகன் என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. ஆயினும் குடியிருப்பவர் அனைவரும் குடிமக்கள் ஆகிவிடுவரோ? ஓர் ஊரில் உண்டு உறங்கி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டால் மட்டும் அப்பெயர் நமக்குப் பொருந்துமோ? பிழைப்பைத் தேடிவந்து பிற மாநிலத்தில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

சட்டம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்துள்ளது. 1950 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமையை வழங்கியது. தமிழகக் குடியுரிமை, கருநாடகக் குடியுரிமை என்ற பிரிவினை இல்லை. எங்கும் சென்று வாழலாம். ஆனால் ஒருவர் தாம் வழக்கமாக வாழும் இடத்திலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு தொகுதிக்கு மேல் பதியக் கூடாது. வாக்குச் சட்டத்தின் பார்வையில் வாழும் ஊரே நம் ஊர்.

இவ்வுரிமையின் அருமையைக் கடல் கடந்து சென்ற நம் உடன்பிறப்புகளைக் கேட்டால் சொல்வர். பஞ்சமும் வறுமையும் துரத்த, தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒரு சாரார் கோலாரின் சுரங்கங்களுக்கு வந்தனர். மற்றொரு சாரார் இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அத்தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியவர்களுக்காக 2003 ஆம் ஆண்டுவரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அவர்கள் அரை நூற்றாண்டு காத்திருந்த ஒன்று, நமக்குக் கேளாமலே கிடைத்தது. கேளாமல் கிடைத்ததனாலேயே அதன் மதிப்பை மறந்தோமோ என்று ஐயுறுகிறேன்.

நம் பாட்டன்மார் அவ்வாறு மறந்தவர்கள் அல்லர். 1880 இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 1881 இல் மைசூர் அரசு ஒரு பிரதிநிதித்துவ சபையை நிறுவியது. ஆனால் அது நிலமும் செல்வமும் உடையோரின் அவை. சுரங்கக் கூலிக்கு அங்கே இடமில்லை. வாக்கில்லாத அம்மக்கள் வாளாவிருந்தனரா? அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் தொடங்கிய இதழுக்கு மாரிக்குப்பத்துத் தொழிலாளர்கள் துணை நின்றனர். சாம்பியன் ரீஃப்பில் சித்தார்த்தா அச்சகம் எழுந்தது. அவர் நூல்கள் அங்கு அச்சேறின. 1930 இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தனர். குடியுரிமை என்னும் தாள் கைக்கு வருமுன்பே அவர்கள் குடிமக்களாக வாழ்ந்துவிட்டனர்.

பின்னர் வந்த நாம் வேறொரு பழக்கத்துக்கு ஆளானோம். வீடு கம்பெனியுடையது; மருத்துவமனை கம்பெனியுடையது. 1956 இல் சுரங்கங்கள் மாநில அரசின் உடைமையாயின. 1962 இல் நடுவணரசின் கைக்கு மாறின. 1972 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. உடையவர் மாறினரே அன்றி, 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்ற நம் எண்ணம் மாறவில்லை. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று நாம் இழந்தது வேலை ஒன்றை மட்டுமன்று. யாரிடம் போய்க் கேட்பது என்ற முகவரியையும் இழந்தோம். அரசை ஈயும் கையாகவும் நம்மை ஏந்தும் கையாகவும் கருதிப் பழகியதன் விளைவு அது.

பிறரைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா? இல்லை. நான் நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தர். மாற்றலாகி வெளியூரில் சில ஆண்டுகள் பணிபுரிந்து, மீண்டும் ஸ்கெலட்டனுக்கே குடிவந்தேன். வாக்காளர் பட்டியலில் என் பெயரோ பழைய ஊரிலேயே கிடந்தது. மாரிக்குப்பம் இரயிலில் பெங்களூர் சென்று திரும்பவே பொழுது போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெருவாரின் கூட்டத்துக்கு அழைத்தால், 'அரசு ஊழியன், விதி இடந்தராது' என்பேன். உண்மையில் 1964 ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கட்சி அரசியலைத்தான் தடுக்கின்றன, வாக்களிப்பதைத் தடுக்கவில்லை. சாக்கடைக்காகக் கூடும் அண்டை வீட்டாரோடு அமர்வதையும் கட்சி அரசியல் என்று யார் சொல்வார்? என் சோம்பலுக்கு விதியைப் போர்வையாக்கினேன்.

நகரசபைத் தேர்தல் நாளன்று, சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். "வாங்க தம்பி, சேர்ந்தே போய் ஓட்டுப் போட்டுட்டு வரலாம்" என்றார். என் பெயர் இங்கில்லை என்றேன். அவர் சற்றே வியப்புடன், "டீக்கடையிலே தினமும் ஊரைப் பத்திப் பேசுறீங்களே தம்பி, உங்க ஊரு எதுன்னு இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்டுவிட்டுத் தனியே நடந்தார். எழுத்தறியாத அப்பெரியவர் கேட்ட வினாவுக்குப் பட்டதாரியாகிய நான் விடையற்று நின்றேன். அதன் பின்னரே என் பெயரை இவ்வூருக்கு மாற்றிக்கொண்டேன்.

'நாம் வந்தேறிய சிறுபான்மையினர். ஒதுங்கியிருப்பதே நலம்' என்பர் சிலர். இத்தொகுதி மக்கள் கம்யூனிஸ்டு, குடியரசுக் கட்சி, அ.தி.மு.க. எனப் பல கொடிகளின் கீழ் நின்றோரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்கள். அச்சம் அவர்களைத் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கேற்க விழைவோர் இம்மாநிலத்தின் மொழியையும் கற்கவேண்டும். வீட்டில் தமிழ் வளர்ப்பவர், மனுவைக் கன்னடத்தில் எழுதினால் தமிழுக்கு இழுக்கொன்றுமில்லை. அண்டை வீட்டாருக்குப் புரியும் சொல்லில் உரிமையைக் கேட்பதே நாகரிகம்.

1976 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளின் பட்டியலில் வாக்களிப்பது இடம்பெறவில்லை. அதைக் குறை என்று நான் கருதவில்லை. தாய்க்குச் சோறிடுவதை யாரும் ஆணையிட்டுச் செய்விப்பதில்லை. வாழும் ஊருக்குச் செய்வதும் அத்தகையதே. பாட்டன்மார் உரிமையின்றியே கடமையைச் செய்தனர். உரிமை பெற்ற நாம் கடமையின்றி வாழ்ந்தால், இம்மண்ணில் நாம் குடியிருப்போராகவே இருந்து மறைவோம். குடிமக்களாக வாழ்ந்தோம் என்று நம் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள்.